கல்குடாவிலிருந்து வந்த குரல்

நேரலை வகுப்பில் மாணவர்களைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பது எப்படி என்று, புதிதாக விரிவுரைக்கு வந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரும்படி கேட்டீர்கள். உங்கள் முறைப்பாடுகளைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திரை முழுவதும் கறுப்புச் சதுரங்கள், கேள்வி கேட்டால் மூச்சுப் பேச்சில்லை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் சிலருடைய பெயர் மட்டும் அங்கேயே கிடக்கிறது. ஆள் நித்திரை. சிறு குழுக்களாகப் பிரிக்கலாம், இடையில் வினாடி வினா வைக்கலாம் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. செய்யுங்கள்.

ஓய்வு பெற்றவள் என்பதற்காக என்னைக் கணினி கண்டு மிரளுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குக் கறுப்புச் சதுரமாவது தெரிகிறது. நான் நேரலையில் படிப்பித்த காலத்தில் அதுவும் கிடையாது. அப்போது என் கையில் ஒரே ஒரு உத்திதான் இருந்தது. அது மிக நன்றாக வேலை செய்தது. அப்படி நன்றாக வேலை செய்ததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்த உத்தி சுனாமிக்குப் பிறகு வந்தது. மட்டக்களப்பு நகரில் ஒரு தொலைக்கல்வி நிலையத்தில் வெளிவாரிப் பட்ட மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல் வந்து போன பின் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய முதல் நாள், வழக்கம்போல் வரவு எடுக்கும் இடாப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டேன். எங்கள் துறைத் தலைவர் வழியில் மறித்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"இடாப்ப இஞ்ச வச்சிட்டுப் போ."

"வரவு எடுக்க வேணுமே சேர்."

"பேரக் கூப்பிட்டுப் பதில் வராட்டி என்ன செய்வாய்? பிந்தி வருவான் எண்டு நினைச்சு அடுத்த பேருக்குப் போவியா?"

இடாப்பை அவரே என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "அவங்களால சொல்லக்கூடியதக் கேள்" என்றார். அவ்வளவுதான். அவர் வீட்டிலும் கடல் வந்து போயிருந்தது.

வெறுங்கையோடு வகுப்புக்குள் போனேன். யார் யாரை இழந்தார்கள் என்று தெரியாத முகங்கள். வேறு எதுவும் தோன்றாமல், "இண்டைக்குக் காலையில உங்கட ஊரில என்ன?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கதிரவெளிப் பிள்ளை ஒருத்தி, "நேத்துத்தான் கிணறு இறைச்சாங்க மிஸ். இன்னும் உப்புக் கரிக்கிது" என்றாள். பக்கத்தில் இருந்தவன் தன் ஊருக்கு பஸ் வரத் தொடங்கிவிட்டது என்றான். செத்தவர்களைப் பற்றிப் பேச முடியாத பிள்ளைகள் கிணற்றைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார்கள். பேசப் பேச முகங்கள் கொஞ்சம் நிமிர்ந்தன. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் எல்லோரும் வந்திருந்தார்கள்.

சில வருடங்களில் கிழக்கில் சண்டை மீண்டும் மூண்டது. வாகரைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வந்து முகாம்களில் கிடந்தது. சண்டை வடக்கே நகர்ந்த பிறகும் எங்கள் தெருக்களில் சோதனைச் சாவடிகள் போகவில்லை, பயமும் போகவில்லை. பின்னேரம் ஆனால் பஸ் இல்லை. நகருக்கு வகுப்புக்குப் போன பிள்ளை வீடு வந்து சேரும்வரை தாய்மார் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமை வகுப்புகளை நேரலையில் நடத்துவது என்று நிலையம் முடிவு செய்தது. நகரில் ஓர் அறையில் கணினிக்கு முன்னால் நான் இருப்பேன். வாழைச்சேனையிலும் வவுணதீவிலும் இருந்த கணினிக் கடைகளில் அந்தந்தப் பகுதி மாணவர்கள் கூடியிருப்பார்கள். என் குரலும் பாடப் பக்கங்களும் அங்கே போகும். அவர்களுடைய குரல் மட்டும் எனக்கு வரும். ஓரிடத்துக்கு ஒரு மைக். அது கை மாறிக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் இணைப்பு விழுந்துவிடும், மின்சாரம் போனால் வகுப்பே போய்விடும். தவறவிட்டவர்கள் பிறகு கேட்கட்டும் என்று ஒவ்வொரு வகுப்பையும் ஒலிப்பதிவு செய்து, கடைகளின் கணினிகளில் போட்டு வைத்தோம். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம்.

முகம் தெரியாத இடத்தில் எப்படிப் பாடம் நடத்துவது? பழைய கேள்வியை மறுபடி எடுத்தேன். பெயரைக் கூப்பிடுவேன். வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் வரவு கிடையாது. ஊரைச் சொல்லி, அன்று காலை அங்கே கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். விலை தெரிந்தால் விலையும் சொல்ல வேண்டும், பொருளியல் அல்லவா. வவுணதீவுப் பிள்ளைகள் வயல் வட்டைக்குள் தண்ணீர் வந்ததையும் உரம் விலை ஏறியதையும் சொல்வார்கள். கரையோரப் பிள்ளைகள் மீன் விலை சொல்வார்கள். கடல் நன்றாக இருக்கும் நாளில் மீன்காரர் ஏன் முகம் சுருங்கி நிற்கிறார் என்று அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடுவேன். ஒருவரும் தூங்கவில்லை. மற்ற விரிவுரையாளர்கள் கூட வந்து, என்ன மாயம் செய்கிறாய் என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாழைச்சேனைக் கடையில் இருந்து படித்தவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒருவன் ரமணன், கல்குடா. சுனாமியில் தகப்பனையும் தங்கையையும் பறிகொடுத்தவன். தகப்பனின் உடல் கிடைத்தது, தங்கையினுடையது கிடைக்கவில்லை. மிஞ்சியது அவனும் தாய் யோகம்மாவும்தான். சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டே படித்தான். மற்றவன் நஸீர், ஓட்டமாவடியில் புடைவைக் கடை வைத்திருந்தவரின் மகன். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த நாள்கள் அவை. இவர்கள் இருவரும் ஒரே சைக்கிளில் வகுப்புக்கு வருவார்களாம்.

நஸீர் வாயைத் திறந்தால் மூட மாட்டான். ரமணன் அதற்கு நேர்மாறு. "கல்குடா. காத்து. வள்ளம் போகல்ல." அவ்வளவோடு மைக் கை மாறிவிடும்.

"என்ன தம்பி, தந்தியா அடிக்கிறீங்க? சொல்லுக்குக் காசு போகுதோ?" என்று சீண்டுவேன். கடை முழுவதும் சிரிப்பது கேட்கும். அவன் சிரித்தானா என்று தெரியாது. அடுத்த கிழமையும் அதே நாலு சொற்கள்தான்.

ஒரு கட்டத்தில் ரமணனின் பதில்கள் நீளத் தொடங்கின. மீன் விலை வந்தது. பக்கத்து வீட்டு ஆடு வேலியை மேய்ந்த கதை வந்தது. அம்மா காலையில் என்ன சமைத்தார் என்பது வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளையையும் பேச வைத்துவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை வாசித்து முடித்த பிறகு, குரலில் வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அந்த இணைப்பில் எல்லோருடைய குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலத்தான் வரும். என் குரலையே பதிவில் கேட்டால் எனக்கு அடையாளம் தெரியாது.

ஒரு நாள் முற்பகல், வகுப்பில்லாத நாள், ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை.

"மிஸ், நான் ரமணன்ட அம்மா. கல்குடா."

"வாங்க அம்மா, இரிங்க. உங்கட மகன் இப்ப நல்லாப் படிக்கிறான்" என்றேன்.

அவர் கதிரையில் இருக்கக்கூட இல்லை. நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அது சந்தோஷம்தான். காரணம்தான் எனக்குத் தெரியாதிருந்தது.

தண்ணீர் கொடுத்து இருத்திய பிறகு சொன்னார். சில வாரங்களுக்கு முன் சைக்கிள் கடைக்குச் சாமான் வாங்கப் போன ரமணனை, இலக்கத் தகடு இல்லாத வாகனத்தில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கண்டவர்கள் உண்டு, சொல்ல யாரும் முன்வரவில்லை. சத்தம் போடாமல் இரு, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இருந்தார். மகன் வரவில்லை. பொறுக்க முடியாமல் பொலிசில் போய் முறைப்பாடு கொடுத்தார். என்னிடம் வருவதற்கு முதல் நாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"உங்கட மகன் காணாமப் போகல்ல எண்டாங்க மிஸ். ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பில கதைக்கான், நாங்களே வாழைச்சேனைக்குப் போய்ப் பதிவக் கேட்டம், கல்குடாவில இரிந்து வாறன் எண்டு சொல்றான், பொய் முறைப்பாடு குடுத்தா நீதான் உள்ளுக்குப் போவாய் எண்டாங்க. முறைப்பாட்ட மூடிட்டாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க ஏசினது எனக்குக் கவலையில்ல. என்ட புள்ள உசிரோட இரிக்கான், எனக்கு அது போதும். எப்படியோ தப்பி வந்து எங்கயோ ஒளிச்சிரிந்து கொம்பியூட்டரால கதைக்கான். எங்க எண்டு நான் கேக்க மாட்டன் மிஸ். ஊட்ட வந்தா எனக்கு ஆபத்து எண்டு நினைச்சிருப்பான். இதுல கொஞ்சம் சோறும் பொரிச்ச மீனும் அவன் உடுக்கிற ஒரு சேட்டும் இரிக்கு. இத மட்டும் அவனிட்டச் சேத்திருங்க."

பிள்ளைகளே, அந்த நேரத்தில் நானும் நம்பினேன். பதிவு இருக்கிறது, குரல் இருக்கிறது, கல்குடா மீன் விலை இருக்கிறது. அவன் பேசவில்லை என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. "ஓம் அம்மா, போன கிழமையும் கதைச்சவன், இரிங்க, போட்டுக் காட்டுறன்" என்றேன். என் குரலிலும் சந்தோஷம் இருந்தது.

பதிவைத் தேடி எடுத்தேன். யோகம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினிக்குப் பக்கத்தில் வந்து, ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் கையை வைத்தார். என் குரல் "ரமணன்?" என்று கூப்பிட்டது. பதில் வந்தது.

"கல்குடா மிஸ். கடல் இண்டைக்கு நல்லம். சூடை மீன் மலிவு, பாரை விலை. அம்மா விடியப் பிட்டு அவிச்சவ. ரெண்டு வாய் திண்டுட்டு ஓடி வந்தனான்."

"திரும்பப் போடுங்க மிஸ்."

போட்டேன். மூன்றாம் முறையும் கேட்டார். அதற்கு முந்தைய வாரத்தையும் போடச் சொன்னார். அதில் அம்மா முருங்கை இலை சுண்டியிருந்தார், ஆடு வேலியை மேய்ந்திருந்தது. நான் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆட்டுக் கதைக்குச் சிரித்தது நான் மட்டும்தான். கடையில் ஒருவருமே சிரிக்கவில்லை.

யோகம்மா பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் பிட்டு அவிக்கல்ல மிஸ். அவனக் கொண்டு போனதில இரிந்து எங்கட அடுப்பில தேத்தண்ணி மட்டுந்தான். இண்டைக்குத்தான் சோறு ஆக்கினனான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது நஸீர்ட குரல். எங்கட ஊட்ட வந்தா பிட்டுக் கேட்டு வாங்கித் திங்கிற புள்ள. எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தவில்லை. மேசையில் வைத்திருந்த சோற்றுப் பொதியை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். சேட்டைப் பொதிக்கு மேலே வைத்தார், பிறகு மீன் எண்ணெய் பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று எனக்குத் தெரியும். முடியவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு நாள் முழுக்க நம்பியிருந்த தாய்க்கு, என் கணினியில் இருந்துதான் அது இல்லையென்று ஆயிற்று.

அவரை இருத்திவிட்டு வெளியே போய் நஸீருக்குத் தொலைபேசி எடுத்தேன். ரமணனின் தாய் வந்திருக்கிறார், பதிவைக் கேட்டார் என்று மட்டும் சொன்னேன்.

"அவனக் கொண்டு போன கிழமை நீங்க அவன்ட பேரக் கூப்பிட்டீங்க மிஸ். மைக் என்ட கையில. இல்ல எண்டா ஏன் வரல்ல எண்டு கேப்பீங்க. லைன்ல அதச் சொல்ல ஏலுமா? வாய் தானாச் சொல்லிட்டு."

"பிறகு?"

"தொடர்ந்து வராட்டி பேர வெட்டிருவீங்கதானே. ரெண்டு கிழமையில உட்டுருவாங்க எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. வந்தவுடன அவன் சோதின எழுத வேணும். ஒரு வருசம் பாழாப் போயிரும் மிஸ்."

"அம்மா பிட்டு அவிச்சவ, ஆடு மேஞ்சது எண்டெல்லாம் ஏன் சொன்னீங்க?"

"காலம என்ன எண்டு நீங்கதானே கேக்கீங்க. எதயாவது சொல்லணுமே. நான் அவங்கட ஊட்ட கண்ட காலமயச் சொன்னன்."

கடையில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் இது தெரியும். பயத்தில் பாதியும் பாசத்தில் பாதியுமாக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கள்ள வரவு போட்டவனைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. உள்ளேன் என்று ஒரே சொல்லில் அவன் முடித்திருந்தால் எந்த அதிகாரியும் அதை நம்பியிருக்க மாட்டார். காலையைச் சொல், விலையைச் சொல் என்று என் வகுப்பு கேட்டது. அவன் நண்பனுக்கு ஒரு காலையைச் செய்து கொடுத்தான். அது உண்மையைவிட நன்றாக இருந்தது.

இனிதான் நான் முடிவெடுக்க வேண்டிய இடம். சனிக்கிழமை வகுப்பு வந்துவிடும். நஸீர் இப்படியே தொடர்ந்தால் ரமணனின் பெயர் இடாப்பில் இருக்கும், திரும்பி வந்தால் பரீட்சை எழுதலாம், ஆனால் தாயின் முறைப்பாடு பொய்யாகவே கிடக்கும். அவன் வரவில்லை என்று பதிவில் சொன்னால் முறைப்பாட்டுக்கு உயிர் வரும், ஆனால் அவன் பெயர் போய்விடும், நஸீரும் மாட்டிக்கொள்வான். நிலையத்தின் விசாரணை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் இப்படியான விடயத்தில் பெயர் அடிபடுவதே ஒரு பிள்ளைக்கு ஆபத்து. மேலிடத்தில் கேட்டால் மேலிடம் தன்னைக் காப்பாற்றத்தான் பார்க்கும். அறைக்குத் திரும்பிப் போகும் வழியில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாயிற்று. இது என் முடிவல்ல. இந்தத் தொழிலில் பிள்ளைகளுக்காக நாமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அன்று அதைச் செய்யவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல்.

யோகம்மாவிடம் இரண்டு வழிகளையும் மறைக்காமல் சொன்னேன்.

"பேர வெட்டினா பிறகு சோதின எழுத ஏலாதா மிஸ்?"

"இந்த முறை ஏலாது. வந்தா திரும்ப முதல்ல இரிந்து பதிய வேணும்."

மடியில் இருந்த சேட்டைத் தடவினார்.

"மகளக் கடல் எடுத்தது. கடலிட்டப் போய் என்ட புள்ளயத் தா எண்டு கேக்க ஏலாது மிஸ். இவன ஆக்கள் எடுத்தது. ஆக்களிட்டக் கேக்க ஏலும். அவன் இல்ல எண்டு நீங்க எழுதினாத்தான் நான் கேக்கலாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். பிறகு, "நஸீருக்குப் பிரச்சின வருமா?" என்று கேட்டார்.

"வரலாம் அம்மா."

"அப்ப நான் முதல்ல அவன்ட வாப்பாவப் போய்ப் பாக்கன். அவரு ஓம் எண்டாத்தான்."

அவர் தனியாக ஓட்டமாவடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை நஸீரின் தகப்பன் தொலைபேசி எடுத்து, "மகன் உள்ளதச் சொல்லுவான் மிஸ். நானும் கூட வாறன்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நான் நகரில் என் அறையில், அவர்கள் வாழைச்சேனையில். நானும் அங்கே போயிருக்கலாம். ஆனால் இது நேரலையில், பதிவாகிற குரலில் நடக்க வேண்டும் என்று யோகம்மா சொல்லியிருந்தார். பொய் எங்கே பதிந்ததோ அங்கேயே உண்மையும் பதியட்டும் என்பது அவர் கணக்கு. பதிவு ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன். வவுணதீவுப் பிள்ளைகள் முதலில் சொன்னார்கள். வட்டைக்குள் யானை வந்து போயிருந்தது. பிறகு வாழைச்சேனை. ஒவ்வொருவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்கள்.

"ரமணன்" என்று கூப்பிட்டேன்.

அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே ஒரு லொறி போயிற்று. வகுப்பில் மௌனம் வந்தால் ஆசிரியர்களுக்குப் பதறும், உடனே எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்போம். அன்று நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மிஸ், நான் நஸீர். இவ்வளவு நாளும் ரமணன்ட பேருக்கு நான்தான் கதைச்சன். அவன் வரல்ல. அவனக் கொண்டு போனதில இரிந்து ஒரு வகுப்புக்கும் வரல்ல."

"ஓம் மிஸ், வரல்ல" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரைச் சொல்லி, ரமணன் வரவில்லை என்று சொன்னார்கள். யாரும் அவர்களைச் சொல்லச் சொல்லவில்லை. நஸீரைத் தனியே விட அவர்களுக்கு மனமில்லை. கடைசியாக மைக் கை மாறுகிற சத்தம் கேட்டது. புதிய கை, அதைப் பிடிக்கத் தெரியாமல் உரசியது.

"நான் ரமணன்ட அம்மா. கல்குடா. இண்டைக்குக் காலம சூடை வந்த, நான் வாங்கல்ல. என்ட புள்ள ஊட்ட இல்ல."

அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு யோகம்மா மறுபடி போனார். முறைப்பாட்டை மீண்டும் எடுத்தார்கள். நஸீரை நிலையம் விசாரித்தது. நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்களுக்கு அவனைத் தண்டிக்கக் கை வரவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். வெளியாலும் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டானா என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். விதிப்படி ரமணனின் பெயர் நீக்கப்பட்டது. முறைப்பாட்டுக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

பெயர் நீக்கிய இடாப்போடு நடந்த முதல் வகுப்பில், எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். நஸீர் குறுக்கிட்டான்.

"மிஸ், நீங்க கல்குடாவக் கேக்கல்ல."

அந்த வகுப்பில் கல்குடாப் பிள்ளை வேறு யாரும் இல்லை. நான் பாடத்தை நிறுத்தினேன். "கல்குடாவில இண்டைக்கு என்ன?" என்று கேட்டேன். "ரமணன்ட அம்மாவக் கண்டனான் மிஸ். தகவல் ஒண்டும் இல்லயாம்" என்றான். அடுத்த கிழமையும் கேட்டேன். யார் அந்தப் பக்கம் போய் வந்தார்களோ அவர்கள் சொன்னார்கள். கற்கைநெறி முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் விடவில்லை.

நேரலை வகுப்பில் மாணவர்களைப் பிடித்து வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். நன்றாகப் பதில் சொல்கிற குரலைக் கேட்டு நான் மயங்கியதுபோல் நீங்களும் மயங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். குரல் வந்தால் ஆள் வந்துவிட்டதாக ஆகாது. பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாடத்துக்கு வெளியே போய் ஒரு முறை விசாரியுங்கள். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

கற்கைநெறியின் கடைசி வகுப்பு வந்தபோது வடக்கில் யுத்தம் முடிந்திருந்தது. தெருவில் வெடி கொளுத்துகிற சத்தம் அறைக்குள் கேட்டது. மைக் வழியாக வாழைச்சேனையில் வெடிக்கிற சத்தமும் வந்தது. பெயர்களைக் கூப்பிட்டு முடித்தேன். கல்குடாவில் என்ன என்று கேட்டேன்.

"ரமணன்ட அம்மா ஊட்ட இல்ல மிஸ்" என்றான் நஸீர். "வவுனியாவில முகாமெல்லாம் திறந்து சனத்த வச்சிரிக்காங்களாம், அதுக்குள்ள இரிப்பானோ எண்டு தேடிப் போயிட்டா. படத்தயும் அந்தச் சேட்டயும் கொண்டு போயிரிக்கா."